செண்பகனூரின் சிற்றுயிர்கள்

பழனி மலைநாட்டை ஆண்ட வையாவிக் கோப்பெரும் பேகன் கடையெழு வள்ளல்களுள் ஒருவன். தோகை விரித்த மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்குகிறது என்று எண்ணித் தன் போர்வையை அதற்கு அளித்தவன் என்று சங்கப் புலவர்கள் அவனைப் போற்றுகின்றனர். மயில் அப்போர்வையை உடுத்தாது, போர்த்தாது என்பது புலவர்களுக்குத் தெரியாததன்று. தெரிந்தும் கொடுத்தான் என்பதே அவனுக்குப் புகழாயிற்று. அவனுடைய பொதினிதான் இன்றைய பழனி என்பர் அறிஞர்.

மயிலுக்கு இரங்குவது எளிது. அதன் அழகே நம்மிடம் பரிந்து பேசிவிடுகிறது. அதே மலையில் மண்ணுக்குள் நெளியும் புழுவுக்கும், பாறையில் ஒட்டிக் கிடக்கும் பாசிக்கும், விரல்நுனி அளவே உள்ள தவளைக்கும் பரிந்து பேச யார் உளர்? இவ்வினாவுக்குப் பழனி மலையின் அண்மைக்கால வரலாற்றில் ஒரு விடை உண்டு. அவ்விடையில் நம் திருச்சபையைச் சேர்ந்த துறவியர் சிலருக்கும் இடம் உண்டு. தமிழ்க் கத்தோலிக்கர் நடுவே அது போதிய அளவு அறியப்படாமல் இருப்பது வருந்தத்தக்கது.

1773-இல் கலைக்கப்பட்ட இயேசு சபை மீண்டும் உயிர்பெற்றபின், பிரெஞ்சு நாட்டு இயேசு சபையினர் 1838-இல் மதுரை மறைபரப்புத் தளத்துக்குத் திரும்பினர். சமவெளியின் வெப்பமும் காலராவும் அவர்களுள் இளைஞர் பலரை வந்த சில ஆண்டுகளிலேயே மாய்த்தன. மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மறைப்பணியாளர்கள் 1845-இல் கொடைக்கானலில் முதல் வீடுகளைக் கட்டியதும் இதே அச்சத்தால்தான். கத்தோலிக்கத் துறவிகளும் பின்னர் மலையேறினர். 1895-இல் கொடைக்கானலுக்குச் சற்றுக் கீழே செண்பகனூரில் திரு இருதயக் கல்லூரி எழுந்தது. இறையியலும் மெய்யியலும் பயிலும் இளந்துறவியருக்கென அமைந்த இல்லம் அது. நாளடைவில் அங்கே ஓர் இயற்கை வரலாற்று அருங்காட்சியகமும், ஆர்க்கிட் செடிகளுக்கென ஒரு தோட்டமும் உருவாயின.

அருங்காட்சியகத்தில் நுழைவோர் கண்ணை முதலில் கவர்வன பாடம் செய்து நிறுத்தப்பட்ட விலங்குகளும் பறவைகளும்தாம். பள்ளிச் சிறுவர் அவற்றின் முன்தான் நெடுநேரம் நிற்பர். ஆயினும் செண்பகனூரின் உண்மையான செல்வம் வேறிடத்தில் இருந்தது. காகித மடிப்புகளில் காய்ந்து கிடந்த பாசிகளிலும், ஊசியில் குத்தி வரிசையாக வைக்கப்பட்ட வண்டுகளிலும், நீர்வண்ணத்தில் தீட்டப்பட்ட செடிகளிலும் அது இருந்தது. அருள்தந்தை லூயி ஆங்லாத் இம்மலையின் செடிகளை ஒவ்வொன்றாகத் தேடி வரைந்தவர். 1953-இல் அவர் மறைந்தபின் அவர் பெயராலேயே செண்பகனூரில் ஓர் இயற்கை வரலாற்று நிறுவனம் தோன்றியது.

அருள்தந்தை ஜார்ஜ் ஃபொரோவின் தேர்வு இன்னும் வியப்புக்குரியது. பூவும் காயும் இல்லாத, வேரும்கூட இல்லாத பாசிகளை அவர் எடுத்துக்கொண்டார். ஈரப் பாறைகளிலும் சோலை மரங்களின் பட்டைகளிலும் இருந்து அவற்றைச் சேகரித்து, உலர்த்தி, இங்கிலாந்தில் டிக்சனுக்கும் பிரான்சில் பொத்தியே த லா வார்துக்கும் அனுப்பினார். அவ்விருவரும் அக்காலத்தில் பாசியியலில் பெயர் பெற்றவர்கள். அவர்கள் ஒரு பாசிப் பேரினத்துக்கே ஃபொரோவெல்லா என்று அவர் பெயரைச் சூட்டினர். பழனி மலைப் பாசிகளைப் பற்றிய அவருடைய விரிவான பட்டியல் 1961-இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வெளியாயிற்று. மலைமீது ஒரு துறவி வாழ்நாளெல்லாம் பாசியைப் பொறுக்கிக்கொண்டிருந்தார் என்றால், 'இதனால் எத்தனை ஆன்மாக்கள் மீட்கப்பட்டன?' என்று கேட்போர் அன்றும் இருந்திருக்கலாம், இன்றும் இருக்கலாம். அக்கேள்விக்கு விடை நாற்பது ஆண்டுகள் கழித்து வேறொரு வழியில் வந்தது. அதைப் பின்னர்ப் பார்ப்போம்.

இப்பணியில் துறவியர் மட்டும் ஈடுபடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். கொடைக்கானல் ஏரியை 1863-இல் மதுரை ஆட்சியர் லெவிஞ்ச் அணைகட்டி உருவாக்கினார். இதனை ஏரிக்கரையில் படகுக்குக் காத்திருப்போரும் அறிவர். அதே 1863-ஆம் ஆண்டில் சென்னை மாகாண வனத்துறை அதிகாரி பெட்டோம் ஒரு சிறு பாம்பினத்தை அறிவியல் உலகுக்கு விவரித்து, அதற்குப் பழனி மலையின் பெயரையே இட்டார். இதனை அறிந்தோர் சிலரே. மண்ணுக்குள் வாழ்ந்து மண்புழுவைத் தின்னும் நஞ்சில்லாப் பாம்பு அது. வால்நுனி தேய்ந்த கேடயம்போல் இருக்கும். மழைநாளில் மண்ணைவிட்டு வெளியே வந்து, பாதையைக் கடக்கும்போது சக்கரத்தில் நசுங்கும். அல்லது, பாம்பு என்ற ஒரே குற்றத்துக்காகத் தடியால் அடிபட்டுச் சாகும். ஏரி புகழ் பெற்றது. பாம்போ தன் சொந்த மலையிலேயே அயலாரைப்போல் வாழ்கிறது.

சென்னை மாநிலக் கல்லூரியில் பணியாற்றிய ஆல்ஃபிரட் போர்ன் என்னும் விலங்கியலாளர் தென்னிந்திய மண்புழுக்களை ஆராய்ந்தவர். அவரும் அவர் துணைவியார் எமிலியும் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் பழனி மலைச் செடிகளையும் திரட்டினர். தென்னாட்டு மண்புழுக்களுள் ஒரு பேரினத்துக்கு 1900-இல் மிக்கேல்சன் என்னும் ஜெர்மானியர் இட்ட பெயர் 'திராவிடா'. நம் இனப்பெயரை ஒரு மண்புழு தாங்கி நிற்பதை இழிவென்று கருதுவோர், அது உழுது தந்த மண்ணில் விளைந்த சோற்றை உண்டபின் எண்ணிப் பார்க்கலாம்.

சிற்றுயிரைப் போற்றுவது என்பது வெறும் இரக்கமன்று, அறிவும் வேண்டும் என்பதற்கு ஒரு பெட்டியின் கதை சான்றாகும். தேனெடுப்பது நம் மலைகளில் தொன்மையான தொழில். பழனி மலையின் பளியர் அதில் வல்லவர். ஆனால் மரப்பொந்திலும் பாறையிடுக்கிலும் வாழும் தேனீயிடமிருந்து தேன் எடுக்கும் பொதுவழக்கு கொடியது. புகையும் நெருப்பும் காட்டித் தேனீக்களை விரட்டி, அடையை முழுவதும் அறுத்து, முட்டையும் புழுவும் இருக்கும் பகுதியோடு சேர்த்துப் பிழிவர். ஒரு குடி முழுவதும் அழியும். அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் என்னும் புரொட்டஸ்டண்டு குரு, அடைகளுக்கு நடுவே தேனீக்கள் நடமாட விடும் இடைவெளியின் அளவை 1851-இல் கண்டறிந்து, கழற்றி மாட்டக்கூடிய சட்டங்களைக் கொண்ட பெட்டியை அமைத்தார். அவ்விடைவெளி ஏறத்தாழ ஒன்பது மில்லிமீட்டர். அதைவிடக் குறைந்தால் தேனீ பிசினால் அடைத்துவிடும். மிகுந்தால் அங்கே வேறோர் அடை கட்டிவிடும். தேனீயின் இவ்வொழுங்கைப் புரிந்துகொண்ட பின்னரே மனிதன் அதைக் கொல்லாமல் தேன் எடுக்கக் கற்றான்.

ஆனால் நம் நாட்டுத் தேனீ மேலைநாட்டுத் தேனீயைவிடச் சிறியது. 1880-களில் வங்காளத்திலும் பஞ்சாபிலும் தேனீயைப் பெட்டியில் வளர்க்க மேற்கொண்ட முயற்சிகள் வெற்றி பெறவில்லை. திருச்சிராப்பள்ளிப் பகுதியில் இயேசு சபையைச் சேர்ந்த நியூட்டன் அடிகளார்தாம் இந்தியத் தேனீயின் உடலளவுக்கும் குடியின் அளவுக்கும் ஏற்ற சிறிய பெட்டி ஒன்றை வடிவமைத்தார். 1911 முதல் 1917 வரை நாட்டுப்புறத்தார் பலருக்கு அதில் பயிற்சியும் அளித்தார். கீழே புழு வளர்க்கும் அறை, மேலே தேன் சேர்க்கும் அறை என இரண்டு தட்டுகள். மேல்தட்டுச் சட்டத்தைக் கழற்றித் தேனைச் சுழற்றி எடுத்துவிட்டு, வெற்றடையை மீண்டும் மாட்டிவிடலாம். கீழே தாயும் மக்களும் அறியாமலே இருப்பர். நியூட்டன் பெட்டி என்ற பெயரிலேயே தமிழ்நாட்டுத் தேனீ வளர்ப்போர் அதை இன்றும் வழங்குகின்றனர். செய்தவர் ஒரு துறவி என்பதை அவர்களுள் எத்தனை பேர் அறிவர் என்பது வேறு செய்தி.

திருச்சபைக்கும் தேனீக்கும் உறவு பழையது. பாஸ்கா திருவிழிப்பின் புகழுரை மெழுகைத் தந்த தேனீயை நினைவுகூர்கிறது. பலிபீட மெழுகுதிரிகள் தேன்மெழுகால் செய்யப்பட வேண்டும் என்று நெடுங்காலம் விதி இருந்தது. 1904-இல் உரோமைப் பேராயம் ஒன்று அதைச் சற்றுத் தளர்த்தி, பாஸ்கா திரியிலும் திருப்பலித் திரிகளிலும் தேன்மெழுகு பெரும்பகுதி இருந்தால் போதும் என்றது. பாரஃபின் மலிவாக வந்த காலத்தில் எழுந்த சிக்கல் அது. தேனீயைக் கொன்று மெழுகு எடுத்து, அம்மெழுகாலேயே ஆண்டவரின் உயிர்ப்பைக் கொண்டாடுவதில் உள்ள முரண்பாட்டை நியூட்டனின் பெட்டி ஓரளவு நீக்கியது என்று கொள்ளலாம்.

1991, 1992 ஆண்டுகளில் தென்னிந்தியத் தேனீக்களைப் புழுப்பை நோய் தாக்கியது. தாய்லாந்தில் முதலில் அறியப்பட்டதால் அந்நாட்டின் பெயரால் வழங்கும் நச்சுயிர் நோய் அது. புழு கூட்டுப்புழுவாக மாறாமல் தோலுக்குள்ளேயே நீர்கோத்துச் சாகும். கேரளம், கருநாடகம், தமிழ்நாடு ஆகிய மூன்று மாநிலங்களிலும் வளர்ப்புக் குடிகளில் பெரும்பகுதி அழிந்தது. பெட்டிகள் வெறுமையாகி முற்றங்களில் கிடந்தன. காட்டில் எஞ்சியிருந்த குடிகளிலிருந்தே மீண்டும் தேனீ பெருகியது. பொந்துள்ள பழைய மரங்களைப் 'பட்டமரம்' என்று வெட்டிவிட்ட இடங்களில் அம்மீட்சிக்கு வழி ஏது?

பெரும்பாலும் நாம் சிற்றுயிருக்குத் தீங்கு செய்வது கொடுமை மனத்தால் அன்று. நல்லது செய்கிறோம் என்ற நினைவிலேயே செய்கிறோம். பழனி மலையின் மேற்பகுதிக்கு இது முற்றும் பொருந்தும். அங்கே இயற்கை அமைத்த ஒழுங்கு இரண்டு உறுப்புகளைக் கொண்டது: மடிப்புகளில் அடர்ந்த குட்டை மரச் சோலை, மேடுகளில் விரிந்த புல்வெளி. சோலையின் பாசியும் புல்வெளியின் வேர்ப்பின்னலும் மழையைப் பிடித்துவைத்து, சிறுகச் சிறுகக் கீழே விடும். பழனிப் பக்கம் இறங்கும் பொருந்தலாறும் குதிரையாறும், தெற்கே வைகைக்கு ஓடும் மஞ்சளாறும் மருதாநதியும் அச்சேமிப்பிலிருந்து பிறப்பவை. புல்வெளியை வெற்றுநிலம் என்று எண்ணிய ஆங்கிலேயர் அதில் மரம் நட்டனர். விடுதலைக்குப் பின் நம் அரசு அதே எண்ணத்தோடு, தோல் பதனிடும் பட்டைக்காகச் சீமை வேலமான வாட்டிலையும், கூழுக்காகத் தைலமரத்தையும், பைன் மரத்தையும் பரப்பியது. 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்குப் பிந்தைய நாற்பது ஆண்டுகளில் பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதைச் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு காட்டியது.

சுற்றுலா வருவோர் பைன் காட்டில் நின்று படம் எடுத்துக்கொண்டு 'இயற்கை' என்கின்றனர். பைன் மரத்தடியில் உதிர்ந்து கிடக்கும் ஊசியிலைகளின் மீது நம் மண்ணின் செடிகள் முளைப்பது அரிது. சுற்றுச்சூழல் நாளில் பங்குதோறும் மரக்கன்று நடும் நம் வழக்கத்தை நான் பழிக்கவில்லை. எந்த மண்ணில் எதை நடுகிறோம் என்று கேளாமல் நடுவதைத்தான் ஏற்க மனம் ஒப்பவில்லை. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூக்கும் குறிஞ்சி புல்வெளியின் செடி. 1994, 2006, 2018 எனக் கணக்குத் தவறாமல் அது பூத்தது. அப்போது நாட்டுத் தேனீக்குப் பெருவிருந்து. அடுத்த பூப்பு 2030-இல். அதற்குள் இன்னும் எவ்வளவு புல்வெளி எஞ்சும் என்பதை மலைதான் அறியும்.

இந்த அயல்தாவரச் சிக்கலை முதலில் முறையாக எழுதியவரும் ஓர் இயேசு சபைத் துறவியே. கேரளத்தில் பிறந்து திருச்சிராப்பள்ளித் தூய வளனார் கல்லூரியில் பணியாற்றிய அருள்தந்தை கே. எம். மத்தேயு, கொடைக்கானலின் அயல்நாட்டுச் செடிகளைப் பற்றிய நூலை 1969-இல் வெளியிட்டார். அக்கல்லூரியில் தாவரங்களைத் திரட்டிய அருள்தந்தை ரப்பினாவின் பெயரால் அமைந்த உலர்தாவரக் காப்பகத்தை வளர்த்ததும், தமிழகச் சமவெளியின் தாவரங்களைப் பல தொகுதிகளில் பதிவு செய்ததும் அவரே. பழனி மலையின் தாவரங்களைப் பற்றி அவர் எழுதிய மூன்று பகுதிகள் 1999-இல் வந்தன. 2004-இல் அவர் காலமானார். அவர் நூலில் ஒவ்வொரு செடிக்கும் இடம், உயரம், பூக்கும் மாதம் எனக் குறிப்பு உண்டு. ஓர் இனத்தின் பிறப்புச் சான்றிதழாகவும், சில நேரங்களில் இறப்புச் சான்றிதழாகவும் அக்குறிப்பு பயன்படும்.

செண்பகனூர்த் துறவிகள் குறையற்றவர்கள் என்று இங்கே எவரும் கொள்ள வேண்டா. அவர்கள் காலத்து முறைப்படி, அறிவதற்காகவே உயிரைக் கொன்றனர். துப்பாக்கியும் சாராயப் புட்டியும் அந்த ஆய்வின் கருவிகள். தங்கள் தோட்டங்களில் ஐரோப்பியச் செடிகளையும் பழமரங்களையும் விருப்பத்தோடு வளர்த்த வெள்ளையருள் மறைப்பணியாளரும் அடங்குவர். ஆயினும் அவர்கள் விட்டுச்சென்ற பட்டியல்கள் இல்லையேல், எதை இழந்தோம் என்பதுகூட நமக்குத் தெரியாமல் போயிருக்கும்.

இப்போது அந்தப் பாசியின் கதைக்கு வருவோம். 1983-இல் அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்து வாட்டர்டவுன் நகரிலிருந்து ஒரு வெப்பமானித் தொழிற்சாலை கொடைக்கானலுக்கு இடம் பெயர்ந்தது. தொடக்கத்தில் பாண்ட்ஸ் நிறுவனத்துக்குரியதாக இருந்து, பின்னர் இந்துஸ்தான் லீவர் நிறுவனத்தின் கைக்கு வந்தது. அது அமைந்த மேடு பாம்பார் சோலையின் விளிம்பு; அரிய செடிகள் பல வாழும் சோலை அது. தொழிற்சாலைக்கு வேண்டிய பாதரசமும் கண்ணாடியும் வெளிநாட்டிலிருந்து வந்தன. செய்த வெப்பமானிகள் வெளிநாட்டுக்கே போயின. மலையில் தங்கியது கழிவு மட்டுமே. 2001 மார்ச்சில், மூஞ்சிக்கல் பகுதியில் ஒரு பழைய பொருள் கிடங்கில் பாதரசம் படிந்த உடைகண்ணாடி 7.4 டன் குவிந்து கிடந்தது வெளிப்பட்டது. பழனி மலைப் பாதுகாப்புக் குழுவும் கிரீன்பீஸ் அமைப்பும் ஊர்மக்களோடு சேர்ந்து போராடின. ஆலை மூடப்பட்டது. 2003-இல் ஏறத்தாழ 290 டன் பாதரசக் கழிவு கப்பலில் அமெரிக்காவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டது. முன்னாள் தொழிலாளர் 591 பேருடன் நிறுவனம் உடன்பாடு கண்டது 2016 மார்ச்சில்தான். பதினைந்து ஆண்டுகள் கழிந்துவிட்டன. மண்ணை எந்த அளவுக்குத் தூய்மை செய்ய வேண்டும் என்ற வழக்காடலும் ஆண்டுக்கணக்கில் நீண்டது.

பாதரசம் காற்றிலும் கலந்ததா என்பது ஒரு கேள்வி. அதற்கு விடையளித்தவை பாசியும் மரப்பட்டையில் படரும் கற்பாசியும். பாசிக்கு வேரில்லை, இலைமீது காப்புத்தோலும் இல்லை. காற்றும் மழையும் கொண்டுவருவதையே அது உண்கிறது; நல்லதையும் நஞ்சையும் பிரித்தறியாமல் ஏற்று, தனக்குள் வைத்துக்கொள்கிறது. ஐதராபாத்தில் உள்ள அணுசக்தித் துறையின் ஆய்வகத்தைச் சேர்ந்த அறிவியலாளர்கள் கொடைக்கானலிலிருந்தும் தொலைவிலுள்ள பேரிஜம் ஏரிப் பகுதியிலிருந்தும் இவற்றை எடுத்துச் சோதித்தனர். கொடைக்கானலில் எடுத்தவற்றில் பாதரசம் பன்மடங்கு மிகுந்திருந்தது. அம்முடிவு 2003-இல் வெளியாயிற்று. 2006-இல் அதே குழுவினர் கொடைக்கானல் ஏரியின் நீரிலும் வண்டலிலும் மீனிலும் பாதரசத்தைக் கண்டதாக எழுதினர். ஆலையின் கணக்குப் புத்தகம் சொல்லாததைப் பாசி சொன்னது. 'பாசியால் என்ன பயன்?' என்று ஃபொரோ அடிகளாரிடம் எவரேனும் கேட்டிருந்தால், அவர் சொல்லியிருக்க முடியாத விடை இது.

பாதரசம் சிற்றுயிர் வழியாகவே மனிதனைச் சேர்கிறது என்பதும் அறியத்தக்கது. சேற்றில் வாழும் நுண்ணுயிர்கள் அதைக் கொடிய மெத்தில் பாதரசமாக மாற்றுகின்றன. அதைப் பூச்சிப்புழு உண்ண, புழுவைச் சிறுமீன் உண்ண, சிறுமீனைப் பெருமீன் உண்ண, ஒவ்வொரு படியிலும் நஞ்சு செறிகிறது. ஜப்பானின் மினமாட்டாவில் மனிதருக்கு வந்த நோய் 1956-இல் அறிவிக்கப்படுவதற்கு முன்பே, மீன் தின்ற பூனைகள் வலிப்பு கண்டு துள்ளி விழுந்து இறந்தன. பூனைகளின் சாவை அங்கே எவரும் பொருட்படுத்தவில்லை. அவ்வூரின் பெயராலேயே 2013-இல் பன்னாட்டு உடன்படிக்கை ஒன்று உருவாயிற்று. இந்தியா 2018-இல் அதை உறுதி செய்தது.

ஒரு பெருநிறுவனத்தின் மீது பழியைப் போட்டுவிட்டு நாம் கைகழுவிவிட முடியாது. உடைந்த வெப்பமானியின் பாதரச மணிகளை உள்ளங்கையில் உருட்டி விளையாடக் குழந்தைகளை விட்ட வீடுகள் எத்தனை! எரிந்துபோன சுருள் விளக்குக் குழலிலும் சில மில்லிகிராம் பாதரசம் உண்டு. அதை உடைத்துக் குப்பையில் எறிகிறோம். மலைக்குத் திருப்பயணமாகவோ சுற்றுலாவாகவோ வருவோர் விட்டுச்செல்லும் பிளாஸ்டிக் புட்டி சரிவில் உருண்டு சோலைக்குள் கிடக்கும். ஈரம் தேடி உள்ளே நுழையும் வண்டும் மூஞ்சூறும் வழுக்கும் சுவரில் ஏற முடியாமல் அங்கேயே மடியும். 2019 சனவரி முதல் நாளிலிருந்து தமிழ்நாடு அரசு ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்களுக்குத் தடை விதித்தது. 2024 மே 7 முதல், கூட்டத்தைக் கணக்கெடுப்பதற்காகச் சென்னை உயர்நீதிமன்ற ஆணைப்படி கொடைக்கானல் செல்லும் வண்டிகளுக்கு மின்-அனுமதிச் சீட்டு முறை வந்தது. சட்டம் வண்டியை எண்ணலாம். வண்டியின் சன்னல் வழியே வெளியே நீளும் கையை எண்ண அதனால் ஆகாது.

திருத்தந்தை பிரான்சிஸ் 2015 மே 24 நாளிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடலில் இத்தகைய சிறு செயல்களை வெளிப்படையாகவே எண்ணிச் சொன்னார்: பிளாஸ்டிக்கையும் தாளையும் குறைத்தல், நீரை அளவோடு செலவிடுதல், குப்பையைப் பிரித்தல், உண்ணும் அளவே சமைத்தல், தேவையற்ற விளக்கை அணைத்தல். ஒரு திருத்தந்தை சமையலறையையும் மின்விளக்கையும் பற்றிப் பேசுவதா என்று சிலர் புருவம் உயர்த்தினர். அதே மடலில் பூஞ்சையும் புழுவும் பூச்சியும் நுண்ணுயிரும் படைப்பின் ஒழுங்கைக் காப்பவை என்றும் அவர் எழுதியதைப் பலர் கவனிக்கவில்லை. அவர் பெயர் எடுத்துக்கொண்ட அசிசி நகர்ப் புனிதர், வழியில் நெளியும் புழுவை மிதிபடாதபடி எடுத்து ஓரமாக விட்டார் என்றும், குளிர்காலத்தில் தேனீக்கள் சாகாதிருக்கத் தேனும் நல்ல திராட்சை மதுவும் வைக்கச் செய்தார் என்றும், அவர் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார். இரண்டாம் யோவான் பவுல் 1979-இல் அவரைச் சூழலியலாளரின் பாதுகாவலராக அறிவித்தார். நீதிமொழிகள் நூலின் 30-ஆம் அதிகாரமோ எறும்பு, குறுமுயல், வெட்டுக்கிளி, பல்லி என்னும் நான்கைச் சிறியனவாயினும் ஞானம் மிக்கவை என்று வரிசைப்படுத்துகிறது. வாசலில் அரிசி மாவால் கோலமிட்டு எறும்புக்கு உணவிட்ட நம் பாட்டியர் அந்த அதிகாரத்தைப் படித்தவர்கள் அல்லர். இன்று கல்மாவால் கோலமிட்டு, எறும்புக்கு மருந்துக்கோடும் போடுகிறோம்.

மலையில் நம்பிக்கை தரும் செய்திகளும் உண்டு. இங்கிலாந்திலிருந்து வந்து வட்டக்கானலில் தங்கிவிட்ட பாப் ஸ்டூவர்ட், தானியா பால்கர் இணையர் சோலை மரங்களின் விதைகளைத் திரட்டி நாற்றங்கால் அமைத்தனர். தைலமரமும் வாட்டிலும் அன்றி, மெல்ல வளரும் சோலை மரங்களே அவர்கள் நாற்றங்காலில் இருந்தன. இருவரும் இன்று நம்மோடு இல்லை. அவர்கள் நட்டவை நிற்கின்றன. 2006-இல் கொடைக்கானல் பகுதியிலிருந்து ஒரு புதர்த்தவளை புதிய இனமாக அறியப்பட்டது. அதன் இனத்துக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. ஈர இலைகளுக்கிடையே இட்ட முட்டையிலிருந்து நேராகச் சிறு தவளையே வெளிவரும். குளமோ ஓடையோ அதற்கு வேண்டா. ஈரம் மட்டும் போதும். அந்த ஈரத்தைத் தருவதும் பாசிதான். நூறு ஆண்டுகளுக்கு மேல் இத்தனை பேர் தேடிய மலையில் அது அதுவரை பெயரின்றிக் கத்திக்கொண்டிருந்தது. 2013-இல் பழனி மலையின் 600 சதுர கிலோமீட்டருக்கும் மேற்பட்ட பரப்பு கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. காட்டெருமைக்கும் மலையணிலுக்கும் கிடைத்த அப்பாதுகாப்பின் நிழலில் தவளையும் தங்கிக்கொள்ளும்.

சமவெளியில் வாழும் நமக்கும் இம்மலைக்கும் என்ன தொடர்பு என்று கேட்போருக்கு ஒன்று சொல்லலாம். நம் ஆலயக் கோபுரங்களின் உச்சியில், மணிக்கூண்டின் கீழ், ஆண்டுதோறும் மலைத்தேனீ வந்து அடை கட்டுவதைக் காண்கிறோம். திருவிழாக் கொடியேற்றம் நெருங்கும்போது பங்கு மன்றத்தில் அது பேச்சாகும். மக்கள் கொட்டுப்படக் கூடாது என்ற கவலை நியாயமானதே. உடனே இரவில் தீப்பந்தம் கட்டிக் கொளுத்த ஆள் தேடுவர். விடியற்காலையில் கோபுரத்தடியில் கருகிய தேனீக்கள் கூடை கூடையாகக் கூட்டி அள்ளப்படும். இந்தத் தேனீ நியூட்டன் அடிகளாரின் பெட்டியில் அடங்கும் இனமன்று. திறந்த வெளியில் ஒற்றை அடை கட்டி வாழ்வது. அது ஓரிடத்தில் ஆண்டு முழுவதும் தங்குவதும் இல்லை. பூக்காலம் முடிந்ததும், எவரும் விரட்டாமலே, அடையை விட்டுவிட்டுக் கூட்டமாகப் புறப்பட்டு வேறிடம் போய்விடும். வெற்றடையைப் பிறகு ஒரு மூங்கில் கழியால் தட்டி எடுத்துவிடலாம். அதில் கிடைக்கும் மெழுகு ஒரு திரிக்கு ஆகும்.